பணம் வந்துவிட்டால் வேலையை விட்டுவிடுவேனா?

போன வாரம் இரவு ஷிஃப்ட். ரத்த டியூப்களை வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அது சுற்றி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, உட்கார்ந்து சாப்பிடுற அளவுக்குப் பணம் வந்துட்டா, அப்பவும் இந்த லேபுக்கு வருவீங்களா?"

"வருவேன்" என்றேன். அவள் நம்பவில்லை.

இதே கேள்வியை மோர்ஸ், வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 401 ஆண்களிடம் கேட்டார்கள். ஆய்வு 1955-ல் வெளியானது. வசதியாக வாழும் அளவுக்குச் சொத்து கைக்கு வந்தாலும் வேலைக்குப் போவோம் என்று 80 சதவீதம் பேர் சொன்னார்கள். பெண்களிடம் கேட்காமல் விட்டது எனக்குக் குறைதான்.

எனக்குச் சம்பளம் முக்கியம். மாதம் பிறந்ததும் அது வராவிட்டால் வேறு எந்தக் காரணமும் என்னை இங்கே நிறுத்தி வைக்காது. ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது, வேலை இல்லாமல் இருந்த ஏழு மாதங்களில்தான்.

முன்பு இருந்த லேபை மூடிவிட்டார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. முதல் இரண்டு வாரம் சொர்க்கம். வாசிக்க வேண்டிய புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கி வைத்தேன். மூன்றாவது மாதத்திலும் அடுக்கு அப்படியே இருந்தது. குளிப்பது பதினொரு மணிக்கு, அப்புறம் பன்னிரண்டுக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. ஒருநாள் செவ்வாயா புதனா என்று தெரியாமல் போனை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது.

பிறகுதான் மரியன்தால் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே உள்ள சிற்றூர். அங்கிருந்த துணி ஆலை மூடப்பட்டதும் ஊரே வேலை இழந்தது. சமூக உளவியலாளர் மரீ யாஹோடாவும் அவருடைய குழுவினரும் அங்கே போய்ப் பார்த்து எழுதியது 1933-ல் வெளியானது. ஊர் மக்களுக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடப்பவர்களைக் கடிகாரம் வைத்துக் கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். வீட்டு வேலை அவர்களை விடவில்லையே. என் மேசைமேல் கிடந்த புத்தகங்கள் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

இதையெல்லாம் அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஒரு டியூப்பின் கதையை மட்டும் சொன்னேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அதிகாலையில் ஒருவருடைய பொட்டாசியம் 7.4 என்று மெஷின் காட்டியது. 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது. 7.4 என்றால் இதயம் எந்த நேரத்திலும் தடுமாறலாம். போனைக் கையில் எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று டியூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரத்தம் சுழன்று பிரிந்ததும் மேலே நிற்கும் திரவம்தான் சீரம். வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டிய அது சிவந்து கிடந்தது. ரத்தம் எடுக்கும்போதோ குலுக்கும்போதோ சிவப்பணுக்கள் உடைந்துபோனால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். அப்போதைய மெஷின் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது, கண்தான் பார்க்க வேண்டும். வார்டுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்லி, உடனே மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது: 4.1.

அந்த நோயாளிக்கு நான் யாரென்று தெரியாது. அவர் முகம் எனக்கும் தெரியாது. இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க யாரும் அவருக்கு மருந்து ஏற்றவில்லை, அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகும்போது இருந்த நிறைவை எந்தச் சம்பள உயர்வும் எனக்குத் தந்ததில்லை.

எல்லா இரவும் அப்படி இல்லை. முக்கால்வாசி இரவுகள் லேபிள் ஒட்டுவதிலும் பதிவெண் சரிபார்ப்பதிலும் போய்விடும். கால் வலிக்கும், எரிச்சலாக இருக்கும், ஏன் இந்த வேலைக்கு வந்தோம் என்றுகூடத் தோன்றும்.

சென்ட்ரிஃப்யூஜ் நின்றது. அவள் மூடியைத் திறந்து முதல் டியூப்பை எடுத்தாள். நேராக மெஷினில் வைக்காமல் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"மஞ்சளாத்தான் இருக்கு அக்கா" என்றாள். அடுத்ததை எடுத்தாள்.