ஆல்பர்ட் டாக்: திஸ் மார்னிங் பிறந்த கரையில்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இங்கிலாந்தின் லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து ஆல்பர்ட் டாக் என்கிற பழைய கப்பல்துறை நடந்தே போகிற தூரம்தான். மழை பிடித்துக்கொண்டதால் டாக்ஸி. மனிதர் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 18 பவுண்டு என்றார். நம்ம காசில் கிட்டத்தட்ட இரண்டாயிரம்! கேட்டால், ரோடு வேலை நடக்கிறதாம். குடையை விரித்து நடந்துவிடுங்கள்.

சரி, அங்கே எதற்கு? பிரிட்டனின் ஐடிவி சேனலில் வரும் 'திஸ் மார்னிங்' என்ற காலை நிகழ்ச்சி 1988 அக்டோபர் 3 அன்று இங்கேதான் தொடங்கியது. அப்போது ரிச்சர்ட் மேட்லி, ஜூடி ஃபினிகன் என்ற கணவன் மனைவி சோஃபாவில் உட்கார்ந்து பேச, சமையல், உடை, டாக்டர் ஆலோசனை, நேயர்களின் வீட்டுப் பிரச்சினை என்று காலைப் பொழுது முழுக்க ஓடும். யூடியூபில் பழைய துண்டுகளைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இந்த இடத்தின் மேல் பைத்தியம்.

அதுவும் அந்த மிதக்கும் வரைபடம்! கப்பல்துறைத் தண்ணீரில் பிரிட்டன் வடிவத்தில் ஒரு மிதவை. வானிலை சொல்கிறவர் அதன்மேல் ஓடிக்கொண்டே மழையும் வெயிலும் சொல்லுவார். அயர்லாந்துக்குப் போக வேண்டுமானால் நடுவில் இருக்கும் தண்ணீரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். இன்றைக்கு விழுவாரா மாட்டாரா என்பதுதான் பாதிப் பேருக்கு வானிலையே. கரையோரம் நின்று எட்டிப் பார்த்தேன். கரும்பச்சைத் தண்ணீர், ஒரு காலி சிப்ஸ் பாக்கெட், அதைக் கொத்தும் கடல்காகம். விழுந்திருந்தால் அன்றைய சமையல் பகுதிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்திருப்பார்.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி ஹார்ட்லி வடிவமைத்து 1846-ல் திறந்தது. பஞ்சு, டீ, பிராந்தி எல்லாம் அடுக்குகிற கிடங்கு என்பதால் தீப்பிடிக்காமலிருக்க மரமே சேர்க்காமல் இரும்பு, செங்கல், கல் வைத்தே எழுப்பியிருக்கிறார்கள். கரையோர இரும்புத் தூண்கள் ஒவ்வொன்றும் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத பருமன். 1972-ல் மூடி, சேறு மண்டிக் கிடந்த இடத்தைத் தூர்வாரி மீட்டு 1988-ல் மறுபடி திறந்தார்கள். அதே வருடம்தான் 'திஸ் மார்னிங்'கும் இங்கே வந்தது. 1996-ல் நிகழ்ச்சியை லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனது, என்னைக் கேட்டால், சுத்த அநியாயம்.

பட்ஜெட் டாக்ஸியிலேயே பாதி போய்விட்டதால் சாப்பாட்டுக்குத் தயங்கித் தயங்கித்தான் போனேன். பின்தெருவில் ஒரு சின்னக் கடையில் ஸ்கவுஸ் கிடைத்தது, 9 பவுண்டு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் சேர்த்துக் குழைய வேகவைத்த குழம்பு. உருளை பாதி கரைந்து சாறே கெட்டியாகியிருந்தது. காரம் துளியும் இல்லை, ஆனாலும் அந்தக் குளிருக்கு அமிர்தம்! பக்கத்தில் வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைகோஸ்; ஒரு வாய் குழம்பு, ஒரு கடி கோஸ் என்று சாப்பிட வேண்டும். கரையோர உணவகங்களில் காசைக் கரைக்காமல் இதைத் தேடிப் போங்கள். ரொட்டிக்குத் தனிக் காசு கேட்கிற கடையென்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.