வட்டார விமான நிறுவனம் நொடித்த பிறகு டிக்கெட் பணத்தை மீட்ட அனுபவம்

சிறிய நகரங்களை இணைத்துப் பறந்துகொண்டிருந்த ஒரு வட்டார விமான நிறுவனம் தன் சேவைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டதாக அறிவித்தபோது, அதில் பயணம் செய்வதற்கான இரண்டு டிக்கெட்டுகள் என்னிடம் இருந்தன. போவதற்கான டிக்கெட்டை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கடன் அட்டை மூலம் வாங்கியிருந்தேன். திரும்புவதற்கானதை, நேரம் வசதியாக இருந்ததால், இணையவழிப் பயண முகவர் ஒருவரிடம் அதே அட்டையில் வாங்கியிருந்தேன். நிறுவனம் ஒன்றுதான், நின்றுபோன சேவையும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டு டிக்கெட்டுகளின் பணமும் இரு வேறு வழிகளில்தான் திரும்பி வந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

அறிவிப்பு வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, கையில் இருந்த ஆதாரங்களைச் சேமித்து வைத்தது. நிறுவனத்தின் இணையதளம் ஏற்கெனவே ஒரே ஒரு அறிக்கைப் பக்கமாகச் சுருங்கிவிட்டிருந்தது. கைப்பேசிச் செயலியில் மட்டும் முன்பதிவு விவரம் இன்னும் தெரிந்தது. பி.என்.ஆர். எண், டிக்கெட் எண், செலுத்திய தொகை, பயண நாள் ஆகியவை தெரியும் திரைகளையும், சேவை நிறுத்தப்பட்டதாகச் சொல்லும் அறிக்கையையும் தேதியுடன் படமெடுத்து வைத்தேன். செயலியில் "முன்பதிவை ரத்து செய்" என்ற பொத்தான் அப்போதும் இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். நாமே ரத்து செய்தால் பயணி தானாக முன்வந்து ரத்து செய்ததாகப் பதிவாகும். சேவை கிடைக்கவில்லை என்று பிற்பாடு வாதிடுவதற்கான அடிப்படையே அதனால் பலவீனமாகிவிடும்.

அடுத்த கவலை, ஊர் போய்ச் சேர்வது எப்படி என்பது. பெரிய வழித்தடமாக இருந்தால் போட்டி நிறுவனங்கள் உடனே இடத்தை நிரப்பிவிடும். ஐம்பது, எழுபது இருக்கைகள் கொண்ட சிறிய விமானங்களை மட்டுமே நம்பி நடக்கும் வழித்தடங்களில் அப்படி நடப்பதில்லை. அந்த அளவிலான விமானங்களும் அவற்றை ஓட்டப் பயிற்சி பெற்ற விமானிகளும் எல்லா நிறுவனங்களிடமும் இருப்பதில்லை. பிரிட்டனில் ஃப்ளைபி நிறுவனம் 2020 மார்ச் 5 அன்று நின்றபோது, லோகன்ஏர் என்ற மற்றொரு விமான நிறுவனம் அதன் வழித்தடங்களில் பதினாறை எடுத்துக்கொள்வதாக உடனே அறிவித்ததற்குக் காரணம், அதே வகைச் சிறு விமானச் சேவையை அது ஏற்கெனவே நடத்திவந்ததுதான். ஆஸ்திரேலியாவில் ரெக்ஸ் நிறுவனம் 2024 ஜூலை இறுதியில் நொடித்து, திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனபோது, பெருநகரங்களுக்கு இடையே பறந்த போயிங் 737 சேவைகள் நின்றன; அவற்றுக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களை வர்ஜின் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. சிற்றூர்களுக்குச் செல்லும் சாப் 340 விமானங்களோ தொடர்ந்து பறந்தன, அந்தச் சேவைகளுக்கான முன்பதிவுகளுக்கு அந்நாட்டு அரசே உத்தரவாதம் அளித்தது. வேறு போக்குவரத்து இல்லாத ஊர்களுக்கு இப்படிப்பட்ட உத்தரவாதம் சலுகை ஆகாது, அது அவசியம் என்றே நான் கருதுகிறேன்.

என் வழித்தடத்தை இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது; ஆனால் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே பறந்தது, என் பயண நாள் அவற்றில் இல்லை. ஆகவே பெரிய விமான நிலையம் ஒன்றுக்குப் பறந்து, அங்கிருந்து பேருந்தில் போனேன். நின்றுபோன நிறுவனத்தின் டிக்கெட்டைக் காட்டுபவர்களுக்கு மற்ற விமான நிறுவனங்கள் சில நாட்களுக்குச் சலுகைக் கட்டணம் அறிவிப்பது வழக்கம். எனக்கும் அது கிடைத்தது. இந்தச் சலுகையைப் பெறுவதால் பழைய பணத்தின் மீதான உரிமை போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். சலுகைக் கட்டணம் என்பது புதிய நிறுவனத்துடன் செய்துகொள்ளும் தனி ஒப்பந்தம்; பழைய டிக்கெட்டுக்கு ஈடாக இலவச இருக்கையையோ வவுச்சரையோ ஏற்றுக்கொண்டால்தான் அந்த உரிமை பாதிக்கப்படலாம்.

இனி பணம். போவதற்கான டிக்கெட்டுக்கு என் வங்கியிடம் சார்ஜ்பேக் கோரினேன். விசா, மாஸ்டர்கார்டு அமைப்புகளின் விதிப்படி, வாங்கிய சேவை கிடைக்காதபோது அட்டைதாரர் தன் வங்கி வழியாகத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். இதற்கான காலக்கெடு பொதுவாக 120 நாட்கள். சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து, அதாவது பயண நாளிலிருந்து, அதை எண்ண வேண்டும். விசாவின் விதியில் பணம் செலுத்தியதிலிருந்து 540 நாட்கள் என்ற மேல்வரம்பும் உண்டு. பல மாதங்களுக்கு முன்பே டிக்கெட் வாங்கியவர்களுக்கும் வழி திறந்திருப்பது இதனால்தான்.

வங்கியின் படிவத்தில் புகாருக்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. "மோசடிப் பரிவர்த்தனை" என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால், பரிவர்த்தனையைச் செய்தது நாமே என்பதால் கோரிக்கை தள்ளுபடியாகும். "சேவை வழங்கப்படவில்லை" என்பதே சரியான காரணம். சேமித்து வைத்திருந்த படங்களை அதனுடன் இணைத்தேன். முதலில் வந்த பதில், அது கட்டணம் திரும்பத் தரப்படாத வகை டிக்கெட் என்பதால் கோரிக்கையை ஏற்க இயலாது என்றது. அதற்கு நான் எழுதிய மறுமொழி இதுதான்: "அந்த நிபந்தனை பயணி தன் விருப்பத்தால் பயணத்தைக் கைவிடும் நிலைக்கு உரியது. இங்கே சேவையை நிறுத்தியது நிறுவனம். நான் எதையும் ரத்து செய்யவில்லை." இதை வைத்து மறுபரிசீலனை கேட்டபோது கோரிக்கையை ஏற்றார்கள். முதலில் தற்காலிக வரவாகத் தொகை வந்தது, விமான நிறுவனத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வராததால் பின்னர் அதுவே உறுதியானது.

நொடித்துப்போன நிறுவனத்திடமிருந்து இந்தப் பணம் எப்படி வருகிறது என்று கேட்கலாம். அது பெரும்பாலும் நிறுவனத்திடமிருந்து வருவதில்லை. விமான நிறுவனத்துக்காக அட்டைப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் வங்கி அந்த இழப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரு விமான நிறுவனத்தின் நிதிநிலை தள்ளாடுகிறது என்று தெரிந்ததும், பயணம் முடியும்வரை டிக்கெட் பணத்தைத் தராமல் நிறுத்திவைக்க அந்த வங்கிகள் முனைகின்றன. ஏற்கெனவே பணத்துக்குத் திண்டாடும் நிறுவனம் அதனாலேயே இன்னும் வேகமாகச் சாய்வதும் உண்டு.

திரும்புவதற்கான டிக்கெட்டில் சிக்கல் வேறு மாதிரியானது. முகவர் விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார். விமான நிறுவனத்தின் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. அட்டைக் கணக்கு அறிக்கையில் பணம் பெற்றவராக யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தேன். முகவரின் பெயர் இருந்தது. ஆகவே சார்ஜ்பேக் கோரிக்கை முகவர்மீதே எழுந்தது, அவர் மறுப்புத் தெரிவித்ததால் முடிவுக்குக் கூடுதல் காலம் ஆனாலும் தொகை வந்து சேர்ந்தது. முகவர்களும் இத்தகைய திவாலில் அடிபடுபவர்களே என்பதை அறிவேன். ஆயினும் பணத்தைப் பெற்றவரிடம்தான் பயணி கேட்க முடியும்.

டிக்கெட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள், அதை எந்த விமான நிறுவனத்தின் பெயரில் வழங்கினார்கள் என்பதைக் காட்டும். பறப்பது சிறிய நிறுவனமாக இருந்தாலும், டிக்கெட்டைப் பெரிய நிறுவனம் வழங்கியிருந்தால் பொறுப்பு அதைச் சேரும். அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் நிறுவனத்துக்காக வட்டாரச் சேவையை நடத்திவந்த ஸ்டோபார்ட் ஏர் 2021 ஜூனில் மூடப்பட்டபோது, பயணிகள் வைத்திருந்தது ஏர் லிங்கஸ் டிக்கெட் என்பதால் பணத்தைத் திரும்பப் பெறவோ வேறு விமானத்தில் போகவோ அந்த நிறுவனமே வழிசெய்தது.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பியவர்களுக்குச் சார்ஜ்பேக் வழி இல்லை. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளதைக் கடன் அட்டையில் வாங்கினால், அட்டை வழங்கிய நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. அங்குள்ள அட்டோல் என்ற பயணப் பணப் பாதுகாப்புத் திட்டம் விமானத்துடன் தங்குமிடமும் சேர்ந்த தொகுப்புப் பயணங்களுக்கு உதவும். விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய தனி டிக்கெட்டுக்குப் பொதுவாக உதவாது. பயணக் காப்பீட்டிலும் விமான நிறுவனத்தின் திவால் என்பது தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் ஈடு கிடைக்கும். என் காப்பீட்டில் அது இல்லை.

இரண்டு டிக்கெட்டுகளின் தொகையும் முழுமையாக வந்தது. மாற்று வழியில் கூடுதலாகச் செலவான தொகையைச் சார்ஜ்பேக் ஈடுசெய்யாது. அதற்கு மட்டும், டிக்கெட் பணம் கிடைத்துவிட்டதையும் தெளிவாகக் குறிப்பிட்டு, நிறுவனம் எனக்குத் தர வேண்டிய தொகையைக் கோரும் படிவத்தைத் திவால் நிர்வாகியிடம் அளித்தேன். மிஞ்சிய பணத்தைப் பங்கிடும்போது, பிணை ஏதும் இல்லாமல் பணம் வர வேண்டியவர்களின் கடைசி வரிசையில்தான் பயணிகள் பெரும்பாலும் நிற்பார்கள்; என் படிவமும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.