அத்தையின் அகர் அகரும் என் ஜெல்லும்

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சிங்கப்பூர் ஈசூனில் அத்தை வீட்டில் அகர் அகர், அதாவது கடல்பாசி, காய்ச்சிக்கொண்டிருந்தோம். "பொடி கொறஞ்சா தளதளன்னு நிக்காது, கூடுனா ரப்பர்" என்றார் அத்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கென்ட் ரிட்ஜில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் வாரம் மூன்று நாள் இதே கவலைதான்.

அங்கே பொடிக்குப் பதில் அக்ரிலமைடு என்ற ரசாயனம். கூடவே அதன் இழைகளைக் கோத்துப் பிணைக்க 'பிஸ்' என்று ஒன்று. அதை ஏற்ற ஏற்ற ஜெல் கெட்டியாகும். கடைசியில் உறைவதைத் தூண்டும் டெமெட் விடும்போது தேக்கா மீன்கடை வாடை வரும். மெத்தென்ற ஜெல்லைக் கழுவினால் பாதி கிழிந்து போகும், அந்தக் கடுப்பை விடுங்கள். தப்பித்ததன் மேல் கொலாஜன் என்ற நார்ப்புரதம் பூசி, மார்பகப் புற்றுசெல்களை விட்டு இன்குபேட்டரில் வைப்பேன்.

மறுநாள் பார்த்தால், மெத்தென்ற ஜெல்லில் வெந்த ஜவ்வரிசி போல உருண்டு கிடக்கும். கெட்டி ஜெல்லில் கல்லில் தேய்த்த தோசை மாவாகப் பரந்து, ஓரமெல்லாம் கால் ஊன்றி நிற்கும். அதே செல், அதே சாப்பாடு. தரை மட்டும்தான் வேறு.

அத்தைக்கு ஆறு வருடத்துக்கு முன் மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது; அதற்குள் அக்குள் நெறிக்கட்டி வரை போயிருந்தது. கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எனக்குக் கல்லு மாதிரி இருந்துச்சே, அதனாலதான் பரவுச்சாம்மா?"

"உங்க கட்டியைப் பத்தி அப்படி யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது அத்தை" என்றேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. கல் மாதிரி இருப்பது வெறும் அடையாளம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2005-இல் ஆய்வாளர் வேலரி வீவரின் குழு கெட்டித்தன்மையை அளந்து பார்த்தது: எலியின் பால்சுரப்பித் திசு 170 பாஸ்கல் போல, கட்டி 4000 பாஸ்கல் போல. அந்தக் கெட்டித்தன்மையே செல்லைத் தூண்டிவிடுகிறது என்றும் காட்டினார்கள். செல், இன்டெக்ரின் என்ற கைகளால் தரையைப் பிடித்து இழுத்துப் பார்க்கும். தரை இளகிக் கொடுத்தால் பிடி நழுவும். கொடுக்காவிட்டால் பிடி இறுகும், 'வளரு, நகரு' என்ற சேதி உட்கரு வரை போகும்.

தரையைக் கெட்டியாக்குவது யார்? கட்டியைச் சுற்றியிருக்கும் நார்ச்செல்கள் கொலாஜனை அள்ளிக் கொட்டும், லாக்ஸ் என்ற நொதி அதைத் தைத்து இறுக்கும். சுருண்டு கிடந்த இழைகள் நிமிர்ந்து கட்டியின் விளிம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொள்ளும். செல்களுக்கு அது எம்ஆர்டி ரயில் தண்டவாளம்.

எனக்கு இன்னும் ஆறாத வியப்பு ஒன்று: கட்டிதான் கல், உள்ளே இருக்கும் புற்றுசெல்லோ பெரும்பாலும் சாதாரண செல்லைவிட இளக்கம். 2007-இல் நோயாளிகளின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து செல்களை எடுத்து அளந்தபோது, புற்றுசெல் சாதாரண செல்லைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மெத்தென்று இருந்தது. கெட்டித் தரையில் ஊன்றி, இண்டு இடுக்கில் நசுங்கி நுழைந்துவிட அதுவும் வசதிதானே.

அத்தைக்கு இதெல்லாம் போதாது. "அப்ப அந்தக் கெட்டியை எளக்க மருந்து இருக்கா?"

எலிகளில் லாக்ஸைத் தடுத்தபோது கட்டி வருவது தள்ளிப்போனது. அதே குடும்பத்து நொதி ஒன்றைத் தடுக்கும் சிம்டுசுமாப் மருந்தைக் கணையப் புற்றுக்காரர்களிடம் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. அதைவிட மோசம், 2014-இல் எலியின் கணையக் கட்டியைச் சுற்றிய நார்ச்செல்களை அகற்றிப் பார்த்தால், புற்று இன்னும் வெறிகொண்டது. அந்தச் சுவர் பாதி சிறை, பாதி ஏணி போலிருக்கிறது. எதை இடிப்பது என்று தெரியாமல் இடிக்கக்கூடாது என்பது என் கட்சி.

அத்தை அடுப்பை அணைத்து, பாண்டான் இலையைக் கிள்ளி எடுத்தார். "சரி, அப்ப இன்னும் கொஞ்ச நாள் ஜெல்லு காய்ச்சு. இப்ப அந்தத் தட்டை எடு, உறையுது."