கேட்டில் நின்ற லாரியும் போஸ்ட்கிரெஸ் 14.4-உம்

2022 ஜூனில் எங்கள் திருவொற்றியூர் யார்டில் லாரி கேட்டுக்கு வந்துவிடும், கன்டெய்னர் எண்ணைத் தட்டினால் பதிவே இல்லை என்று வரும். தேதியை வைத்துத் தேடினால் அதே பதிவு கிடைக்கும். தரவு பத்திரமாகத்தான் இருந்தது. நாங்கள் வைத்திருந்த போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், பதிவை வேகமாகத் தேடித் தரும் பட்டியலான இண்டெக்ஸ்தான் கெட்டிருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலை வரை வண்டிகள் நின்றன. "அண்ணே, கன்கரன்ட்லி போட்டு ரீஇண்டெக்ஸ் பண்ணிடலாம், வேலை நிக்காது" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. அதாவது அட்டவணையில் எழுதுவதை நிறுத்தாமலே இண்டெக்ஸை மறுபடி கட்டுவது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இண்டெக்ஸைக் கட்டியதே அதே வழியில்தான், போஸ்ட்கிரெஸ் 14.3 பதிப்பில். ஏன் கெட்டது என்று தெரியாமல் அதே கட்டளையை மறுபடி ஓட்டுவதில் என்ன பயன்? காரசாரமாகவே பேசினோம். அவன் அவசரமும் நியாயம்தான், டிரைவர்களின் திட்டு அவன் காதில்தான் விழுந்தது.

காரணம் போஸ்ட்கிரெஸ் 14-இல் புதிதாகச் சேர்த்த ஒரு வேக மேம்பாடு. வேலையை நிறுத்தாமல் இண்டெக்ஸ் கட்டும்போது, நடுவில் திருத்தப்படும் வரிசைகள் (அட்டவணையின் பதிவுகள்) சில சமயம் இண்டெக்ஸில் ஏறாமல் விடுபட்டன. எங்கள் கேட் அட்டவணையில் திருத்தம் ஓய்வதே இல்லை. டெவலப்பர்கள் அந்த மேம்பாட்டின் மேல் ஒட்டுப்போடவில்லை, அதையே திரும்பப் பெற்றார்கள். ஆகஸ்டில் வரும் வழக்கமான வெளியீட்டுக்கும் காத்திருக்காமல் ஜூன் 16 அன்றே 14.4-ஐ வெளியிட்டார்கள். வேகமும் நிதானமும் சேர்ந்த முடிவு அது. இன்றுவரை எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை.

நாங்கள் அன்றிரவு கேட் பதிவைக் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மாற்றிவிட்டு, கேட் அட்டவணைக்கு மட்டும் சாதாரண ரீஇண்டெக்ஸ் ஓட்டினோம். அது எழுதுவதைப் பூட்டிவிடும், ஆனால் வரிசை விடுபடாது. மற்றதெல்லாம் 14.4 போட்ட பிறகு. பிஜி_ஆம்செக் என்ற சோதனைக் கருவியை, எல்லா வரிசையும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்க்கும் ஹீப்ஆல்இண்டெக்ஸ்டு விருப்பத்தோடு ஓட்டினால், பி-ட்ரீ என்ற வழக்கமான வகை இண்டெக்ஸ்களில் எதில் வரிசை விடுபட்டிருக்கிறது என்று காட்டிவிடும். நேரம் எடுக்கும், பரவாயில்லை.

அவசரம் தவிர்க்க முடியாத இடமும் உண்டு. 2025 பிப்ரவரி 13 அன்று எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டையை, அதாவது வெளியாள் உள்ளீட்டின் வழியே தரவுத்தளக் கட்டளையை நுழைக்கக்கூடிய ஓட்டையை, அடைத்து போஸ்ட்கிரெஸ் 17.3 வந்தது. அந்தத் திருத்தமே, நிரல்கள் போஸ்ட்கிரெஸோடு பேசப் பயன்படுத்தும் லிப்பிக்யூ நூலகத்தில் வேறொன்றைக் கெடுத்ததால் 20-ஆம் தேதி 17.4 வந்தது. அதற்காக முதல் திருத்தத்தைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஓட்டையைத் திறந்து வைக்க முடியாது. தரவு கெடும் பிழை என்றால் மட்டும், காரணம் பிடிபடும்வரை கை வைக்க விடமாட்டேன். தம்பி இன்னும் பாதிதான் ஒத்துக்கொள்கிறான்.