ஏ/பி என் பெயர் இல்லை

போன வாரம் எதிர்வீட்டு அத்தை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பனி, சாப்பாடு, வாடகை என்று ஏதாவது கேட்பான் என்று பார்த்தால், "அக்கா, படிச்சு முடிச்சா அங்க வேல செய்ய விடுவாங்களா, என்னென்ன பேப்பர் கேப்பாங்க?" என்றான். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இருந்து போகிற பிள்ளை முதலில் இதைத்தான் கேட்கும். கடன் அடைக்க வேண்டுமே. நானும் அப்படி அமெரிக்கா போய்ப் படித்து வந்தவள்தான். அவனிடம் சொன்னதை எழுதி வைக்கிறேன், அடுத்த பிள்ளை வந்தால் இதையே படிக்கக் கொடுத்துவிடலாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்து முடித்தவர்கள் ஓபிடி என்ற அனுமதியில் ஓராண்டு வேலை செய்யலாம். அதற்கு ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கையில் வர வேண்டும். ஓபிடி ஓட ஆரம்பித்துவிட்டால் வேலை இல்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம், அதற்கு மேல் போனால் சிக்கல். நான் ஒவ்வொரு நாளாகக் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். 61-ஆம் நாள் ஓஹையோவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்பவர்களின் விவரத்தை அரசாங்கப் பதிவோடு ஒப்பிடும் ஈ-வெரிஃபை என்ற கணினி முறையில் அவர்கள் பதிந்தவர்களா என்று கேட்டுவிட்டுத்தான் சரி சொன்னேன், ஏனென்றால் என்னைப் போல அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு அப்படிப் பதிந்த முதலாளியிடம் இருந்தால்தான் உண்டு.

முதல் நாள் ஐ-9 பாரம், நமக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்ப்பது. 1986-இல் வந்த சட்டம், அமெரிக்கக் குடிமக்களும் இதை நிரப்பியே ஆக வேண்டும், அதனால் நம்மை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் பகுதியை நாம் முதல் நாளுக்குள் முடிக்க வேண்டும், நம் பத்திரங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை முதலாளி மூன்று வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். நான் அம்மா கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் ஃபைலோடு போனேன். பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் என்ற பள்ளித் தேர்வு ரிசல்ட், எல்லாம் அதில். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் ஈஏடியைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டும் வேண்டும், அரசாங்கம் தரும் எண் அச்சிட்ட சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் வேண்டும் என்றார். எடுத்து நீட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஈஏடி ஒன்றே போதுமாம். பட்டியலில் இருப்பவற்றில் எதைக் காட்டுவது என்பது நம் விருப்பம், இதைத்தான் கொண்டு வா என்று முதலாளி சொல்லக் கூடாது. இன்னொன்று, நமக்குத் தரும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் குடிநுழைவு அனுமதி இருந்தால்தான் வேலைக்குச் செல்லும் என்று அச்சடித்திருக்கும், அந்த அட்டை ஐ-9-க்குச் செல்லவே செல்லாது. ஈ-வெரிஃபைக்கு அதன் நம்பர் மட்டும் வேண்டும்.

இனி பெயர் கதை. நம் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே வரி. என் பெயர், 'மகள்' என்பதற்கு மலாயில் போடும் ஏ/பி, அப்பா பெயர். அமெரிக்க விசாவில் அத்தனையும் குடும்பப் பெயர் பெட்டிக்குள் போய், என் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று வந்தது. முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். கல்லூரியில் இருந்து வரும் கடிதங்கள்கூட 'அன்புள்ள ஃப்னு' என்றே வந்தன, தம்பி இன்றைக்கும் என்னை ஃப்னு அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். அந்தச் சாய்கோட்டை அவர்களுடைய கணினி ஏற்காது. ஈஏடியில் ஏபி தனிச் சொல்லாக நின்றது. சோஷியல் செக்யூரிட்டி பதிவில் அதே ஏபி அப்பா பெயரோடு ஒட்டிக்கொண்டு, எங்கள் வம்சத்திலேயே இல்லாத ஒரு ஆளாகிவிட்டது. அட்டை வந்த அன்று நம்பரைப் பார்த்த சந்தோஷத்தில் பெயரைப் படிக்கவில்லை. என் தப்புதான்.

மூன்றாம் நாள் ஈ-வெரிஃபையில் என் விவரம் பொருந்தவில்லை என்று வந்துவிட்டது. அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நோட்டீஸைக் கொடுத்து, "இது சரியாகும் வரை வீட்டில் இருக்கிறாயா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கை நடுங்கியது, ஆனால் பழக்கதோஷத்தில் நோட்டீஸை முழுக்க வாசித்தேன். நாம் மறுத்து முறையிட்டால் முடிவு வரும் வரை வேலையை விட்டு நிறுத்தவோ சம்பளத்தைக் குறைக்கவோ கூடாது என்று அதிலேயே இருந்தது. அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். அவரும் படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார், பாவம், அவருக்கும் அது முதல் தடவை. முறையிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டதும், எட்டு அரசாங்க வேலை நாளுக்குள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போ என்று தேதி போட்ட இன்னொரு தாள் கொடுத்தார். கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தால் வேலையை விட்டு அனுப்பலாம், அதனால் பயந்துகொண்டு பேசாமல் இருப்பதுதான் இதில் ஆபத்து.

அன்று காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டேன், இங்கே இரவு எட்டு. அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டே, "பெர்மிட்டா? உங்க தாத்தாவும் அதுக்குத்தான அலைஞ்சாரு" என்றார். தாத்தாவுக்குச் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. இங்கே 1968-இல் ஒரு சட்டம் போட்டு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தால்தான் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டலாம் என்று வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெர்மிட் கிடைக்காதவர்கள் ஆட்டையும் கோழியையும் விற்றுவிட்டுப் பினாங்கில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறினார்கள். பக்கத்து வீட்டு அம்மா போகும்போது பாட்டியிடம் விட்டுப்போன அம்மிக்கல் இன்னும் எங்கள் பின்வாசலில் கிடக்கிறது. நானும் தம்பியும் அதில் உட்கார்ந்து ரம்புத்தான் தின்றிருக்கிறோம், யாருடையது என்று கேட்டதே இல்லை. தாத்தாவுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்றேன். தெரியாது என்றார் பாட்டி.

மறுநாளே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. பாஸ்போர்ட், ஈஏடி, நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94, அந்தத் தாள், எல்லாம் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா கேட்டார், ஏபி என்றால் என்ன? இன்னாரின் மகள் என்று மலாயில் அர்த்தம் என்றேன். "அப்படியானால் இது பெயரே இல்லையே" என்று சொல்லிவிட்டு, ஈஏடியில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து, இடைவெளியோடு திருத்தினார். நாலாம் நாள் ஈ-வெரிஃபையில் அனுமதி உண்டு என்று வந்தது. புது அட்டை தபாலில் வர இரண்டு வாரம். அப்புறம் நீட்டிப்பும் கிடைத்து மூன்று வருஷம் வேலை செய்தேன். எச்1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் மூன்று முறையும் பெயர் விழவில்லை, அது வேறு கதை.

பையனுக்கு நான் சொன்னது: விசாவில் பெயர் எப்படி வருகிறதோ அதே மாதிரி கல்லூரி தரும் ஐ-20, ஈஏடி, சோஷியல் செக்யூரிட்டி எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று அட்டை கைக்கு வந்த அன்றே பார். கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "பேசாம ஜேபிஎன்ல போய் இந்த ஏ/எல்லை எடுத்துட முடியாதா?" என்றார். ஜேபிஎன் நம் தேசியப் பதிவிலாகா, ஏ/எல் மகன்களுக்குப் போடுவது. எடுத்தால் எஸ்பிஎம் சர்டிபிகேட்டில் இருந்து எல்லாம் வேறு பெயராகிவிடுமே என்றேன். அப்பாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பையன் எழுந்தான். அவர் செம்பனை லாரி ஓட்டுகிறார், வர ராத்திரியாகும். அவன் நிரப்பக் கொண்டு வந்திருந்த பாரம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, குடும்பப் பெயர் பெட்டி காலியாக.