‘வந்தான்’ என்று எழுதாதீர்கள் என்றேன், ஐடியைத் தூக்கிவிட்டார்கள்

ஒரு வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தால் என் பக்கத்தைக் காணோம். வெறுப்புப் பேச்சு விதியை மீறியதால் கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. எந்தப் பதிவு, எந்தச் சொல் என்று ஒன்றும் இல்லை. பதினோரு வருடம் எழுதிய பக்கம்.

யோசித்ததில் ஒன்றுதான் தட்டுப்பட்டது. ப்ரூஃப் பார்ப்பது என் பிழைப்பு. நாலு நாள் முன்பு ஒரு செய்தி கண்ணில் பட்டது. தலைப்பில் மரியாதையாகத் ‘திருநங்கை’ என்று போட்டுவிட்டு, உள்ளே வரிக்கு வரி ‘வந்தான்’, ‘சொன்னான்’. பொறுக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கை ஒட்டி, திருநர்களை மரியாதையாகக் குறிக்க 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் ஒரு சொற்களஞ்சியமே வந்திருக்கிறதே என்று ஒரு பதிவு போட்டேன். எவையெல்லாம் எழுதக்கூடாது என்று காட்ட மூன்று பழைய வசைச் சொற்களை மேற்கோள் குறிக்குள் கொடுத்திருந்தேன். மெஷினுக்குச் சொல் தெரிகிறது, மேற்கோள் குறி தெரியவில்லை.

அந்தப் பதிவின் கீழே ஒருவர் விடாமல் மல்லுக்கு நின்றார். பிறப்பில் ஆண் என்றால் ஆண்தான், ‘அவள்’ என்று எழுதச் சொல்ல நீங்கள் யார் என்பது அவர் கட்சி. தொல்காப்பியத்திலேயே ‘ஆண்மை திரிந்த’ என்றுதானே இருக்கிறது என்று நூற்பா வேறு எடுத்துப் போட்டார். பதில் எழுத உட்காரும்போதுதான் ஐடி போனது. மறுநாள் வேறொரு ஆப்பில் அவரிடமிருந்தே செய்தி: “சார், எனக்கும் ஐடி போச்சு. நீங்க ரிப்போர்ட் அடிச்சீங்களா?”

நான் அடிக்கவில்லை. ஆனால் முன்பு வேறு மூன்று பேரை அடித்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன ஆனது என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இனி நடைமுறை. இதே சிக்கலில் மாட்டியவர்களுக்காக விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஆப்பிலேயே இருக்கும் மேல்முறையீட்டுப் பொத்தான். அழுத்தி நாலு வரி எழுதினேன். பதினோரு நிமிடத்தில் பதில்: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தமிழ் படித்த யாரோ ஒருவர் உட்கார்ந்து பரிசீலித்தார் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

அடுத்தது குறைதீர் அலுவலர். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் இந்தியாவிலேயே குடியிருக்கும் ஒருவரை இதற்கென வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. மெயிலில் விதி 4(8)ஐச் சொல்லிக் கேட்டேன்: தளம் தானாக ஒன்றை நீக்கினால் காரணத்தைப் பயனருக்குச் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும். ஒப்புகை சரியாக வந்தது. பதினைந்தாம் நாள் வந்த பதிலில் முதல் நாள் வந்த அதே வரி, கீழே ஒரு நன்றி.

மூன்றாவது படி பலருக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் விதிகளைத் திருத்தி, 2023 ஜனவரியில் மத்திய அரசு குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்கள் மூன்றை அமைத்தது. அலுவலரின் பதில் கிடைத்த 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே மனுப் போடலாம். அரசு அமைக்கும் குழு பேச்சைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதா என்று எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. வேறு கதவு தெரியவில்லை, தட்டினேன்.

மனுவுக்கு என் பதிவே தேவைப்பட்டது. கணக்கு முடங்கியதால் அதை நானே பார்க்க முடியவில்லை. தம்பி மகள் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்தான் கைகொடுத்தது. பிறகு அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க உட்கார்ந்தேன். ‘கனகா வந்தான்’, ‘கனகா வந்தாள்’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வாக்கியம், ‘கனகா கேம்’. வினையில் பாலே இல்லை! என் சண்டை முழுக்க ஓர் ஈற்றில் இருக்கிறது, அந்த ஈறு மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடுகிறது. பதிவு எதைப் பற்றியது என்று விளக்கவே ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. தமிழில் ஒருவரை இழிவுபடுத்த வசைச்சொல் தேவையே இல்லை, ‘ன்’ போதும். அதை எந்த வடிகட்டி பிடிக்கப் போகிறது?

தளங்களின் விதியும் நிலையானதல்ல. 2018இல் ட்விட்டர் திருநர்களை விட்டொழித்த பெயராலும் தவறான பாலாலும் குறிவைத்து அழைப்பதை விதிமீறல் ஆக்கியது. அந்த நவம்பரில், இப்படி எழுதியதற்காகக் கனடா எழுத்தாளர் மேகன் மர்பிக்கு நிரந்தரத் தடை. மஸ்க் வாங்கிய பிறகு அவர் திரும்பினார், 2023 ஏப்ரலில் அந்த வரியே சத்தமில்லாமல் காணாமல்போனது. முதலாளி மாறினால் வெறுப்பின் வரையறையும் மாறுகிறது. எந்தப் பக்கம் நிற்பவரும் இதை நம்பி நிற்க முடியாது.

கோவில்பட்டிக்காரரிடம் (அதாவது என்னோடு மல்லுக்கு நின்றவரிடம்) குழுவின் விவரத்தைச் சொன்னேன். என் மனுவைப் பார்த்தே தன்னுடையதை எழுதினார். 2014இல் உச்ச நீதிமன்றம், திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தை உடையால், சொல்லால் வெளிப்படுத்துவதும் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) தரும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றது. அவர் தன் கருத்துக்கும் அதே பிரிவைத்தான் எழுதினார். “ஒரே நம்பரா சார்?” என்று கேட்டார். ஒரே நம்பர்தான். தனியார் தளத்திடம் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு பேச்சு.

குழு தளத்திடம் விளக்கம் கேட்ட சில நாளில், ஐம்பத்தோராம் நாள், கணக்கு தானாகத் திறந்தது. ‘தவறுதலாக நடந்தது’ என்று ஒரு வரி. எந்தத் தவறு என்று இப்போதும் சொல்லவில்லை. அவருடையது எனக்கு ஆறு நாள் முன்பே வந்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பதிவும் திரும்பியிருந்தது. கீழே அவருடைய பின்னூட்டம், ‘ஆண்மை திரிந்த’ நூற்பாவோடு அப்படியே. அந்த நூற்பா ‘பெண்மை சுட்டிய’ என்றல்லவா தொடங்குகிறது, அதை ஏன் விட்டீர்கள் என்று எழுத ஆரம்பித்தேன். இடையில் அந்த மூன்று சொற்களில் ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தது. முதல் எழுத்தை மட்டும் போட்டு, மீதிக்குப் புள்ளி வைத்தேன்.