மீன் டின்னில் ஒட்டிய 11 கட்டங்கள்

திருகோணமலையின் கொட்பே துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு நெடுநாட் படகின் சுக்கான் அறையில் போன மாதம் ஓர் இரவைக் கழித்தேன். கடலுக்குப் போன நான்காம் நாளே திரும்பி வந்த படகு அது. ஐஸ் உருகியிருந்தது, டீசலில் பாதி வீணாகியிருந்தது, ஆறு பேருடைய உழைப்பு கடலோடு போயிருந்தது. பகலெல்லாம் ஒழுங்காக இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி, பொழுதுபட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறது என்பதுதான் முறைப்பாடு. இதே முறைப்பாட்டோடு அந்தக் கருவி ஏற்கெனவே ஒருமுறை என் கடைக்கு வந்தது. அன்டெனாவையும் கேபிளையும் மாற்றிக் கொடுத்துக் காசும் வாங்கியிருந்தேன். அதனால் இந்தத் தடவை கருவியைக் கழற்றி வரச் சொல்ல மனம் வரவில்லை. நானே படகுக்குப் போனேன்.

மாலை ஐந்து மணிக்குத் திரையில் ஒன்பது செய்மதிகளின் சமிக்ஞை அளவைக் காட்டும் கம்பங்கள் நிமிர்ந்து நின்றன. பற்றரியை அளந்தேன், இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன், எந்தக் குறையும் இல்லை. ஏழு மணியளவில் படகோட்டி, அறுபதைத் தாண்டிய திருக்கடலூர்க்காரர், சோறு பரிமாறுவதற்காக மேல்விளக்கின் சுவிட்சைத் தட்டினார். என் கண்முன்னே கம்பங்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாகின. ஆறு, நான்கு, இரண்டு. பிறகு திரையில் இடமே இல்லை.

"அண்ணை, அந்த விளக்கை ஒருக்கால் அணையுங்கள்" என்றேன். அணைத்தார். அரை நிமிடத்துக்குள் கம்பங்கள் எழுந்தன. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி விழுந்தன.

"விளக்குக்கும் வானத்தில் நிற்கிற செய்மதிக்கும் என்ன பகை, தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றிரவு சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே என்னால் முடிந்த அளவுக்குப் பதில் சொன்னேன். இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் மின்சுற்றுப் பலகையைக் கழற்றிப் புதுப் பலகை போடுவதில் கெட்டிக்காரர்கள். அந்தப் பலகைக்குள் இருக்கும் சில்லு என்ன செய்கிறது என்று கேட்டால் தலையைக் குனிகிறார்கள். அவர்களுக்காகவும் அந்தப் பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஜி.பி.எஸ். செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சக்தி சில பத்து வாட் மட்டுமே. எங்கள் ஊரில் முன்பு ஜேர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கிருந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்றின் சக்தி 250 கிலோவாட். அது கடல் தாண்டிக் கத்துகிற குரல் என்றால், செய்மதியினுடையது முணுமுணுப்பு. அந்த முணுமுணுப்பு நம் படகின் அன்டெனாவை வந்து தொடும்போது எவ்வளவு மிஞ்சுகிறது தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை எடுத்து மேலும் ஒரு கோடி பங்காகப் பிரித்தால் வருகிற அளவு. வெறும் வானத்திலிருந்தும் கருவியின் உள்ளிருந்தும் எழும் இயல்பான இரைச்சல்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. அலைகளை அளக்கும் கருவியை வைத்துத் தேடினால் செய்மதியின் குரல் இருக்கிற இடமே தெரியாது. இரைச்சலுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது.

பிறகு எப்படிக் கேட்கிறது? எனக்கு இதை விளங்க வைத்தது கோணேசர் கோயில் ஒலிபெருக்கிதான். விடியற்காலையில் கொட்டியாரக் குடாவில் படகோடு வரும்போது, இயந்திரச் சத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே மலையிலிருந்து பாட்டு மிதந்து வரும். தெரியாத பாட்டு என்றால் ஒரு சொல்லும் பிடிபடாது. சிறு வயதில் மனப்பாடம் செய்த தேவாரம் என்றால் கதை வேறு. மனத்துக்குள் அந்தப் பதிகத்தை ஓட்டிக்கொண்டு, இந்த அடியா, அடுத்த அடியா என்று முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறோம். சரியான அடியில் பொருந்திய கணத்தில், அதுவரை இரைச்சலாக இருந்தது முழுவதும் சொல்லாகக் கேட்கிறது. காதில் விழுந்த சத்தம் கூடவில்லை. எதைக் கேட்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் என்கிற முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அனுப்ப வேண்டிய செய்தியை அப்படியே அனுப்பாமல், முன்பே பேசி வைத்துக்கொண்ட நீண்ட குறியீடு ஒன்றோடு பெருக்கி, அகன்ற அலைவரிசைப் பரப்பில் மெல்லியதாகப் பரப்பி அனுப்புகிறார்கள். ஜி.பி.எஸ்.ஸில் பொதுமக்களுக்கான குறியீட்டில் 1,023 துண்டுகள். ஒரு மில்லிசெக்கனுக்குள் அத்தனையும் ஓடி முடிந்து மறுபடி தொடங்கும். செய்தியோ ஒரு செக்கனுக்கு 50 பிட் மட்டுமே. கணக்குப் போட்டால் ஒரு பிட்டுக்கு 20,460 துண்டுகள். கருவி அத்தனை துண்டுகளையும் தன்னிடம் உள்ள பிரதியோடு பொருத்திக் கூட்டுகிறது. குறியீடு பொருந்தும்போது குரல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உயர்கிறது. இரைச்சலோ கூட்டலும் கழித்தலுமாகத் தன்னையே தின்றுகொள்கிறது.

இந்தத் துண்டுக்கு ஆங்கிலத்தில் சிப் என்று பெயர்; நாம் சில்லு என்று சொல்கிற பொருளுக்கும் அதே பெயர். வேலை பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். ஒன்று சிலிக்கன் சில்லு, கையில் எடுக்கலாம். மற்றது குறியீட்டின் ஒரு துண்டு, கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அதற்கு நீளம் உண்டு. ஜி.பி.எஸ். குறியீட்டின் ஒரு துண்டு வானத்தில் சுமார் 293 மீற்றர் நீளமாக வருகிறது. எந்த இடத்தில் பொருத்தம் விழுந்தது என்பதிலிருந்தே செய்மதியின் தூரம் தெரிகிறது; அந்த இடத்தை அந்த நீளத்தின் நூறில் ஒரு பங்கு வரை கருவி பிரித்தறியும். சில மீற்றர் பிசகோடு இடம் சொல்ல முடிவது அதனால்தான்.

சொன்னால் மட்டும் போதாது என்று கடையில் ஒரு மீன் டின்னை வைத்திருக்கிறேன். அதைச் சுற்றி இரண்டு கடதாசிப் பட்டிகள். ஒவ்வொன்றிலும் 11 கட்டங்கள்: மூன்று கறுப்பு, மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு, இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. கீழ்ப்பட்டியை ஒட்டிவிட்டேன்; மேற்பட்டி சுழலும். மேலும் கீழும் ஒரே நிறமாக இருக்கும் கட்டங்களை எண்ணச் சொல்வேன். நேராக நிற்கும்போது 11ம் பொருந்தும். ஒரு கட்டம் திருப்பினால் ஐந்து. இரண்டு கட்டம் திருப்பினாலும் ஐந்து. எங்கே திருப்பி நிறுத்தினாலும் ஐந்துதான், ஆறோ ஏழோ வரவே வராது. புதிதாக வரும் பிள்ளை முதலில் நம்பாது. பத்து இடத்திலும் நிறுத்தி எண்ணிப் பார்க்கும். பத்தாவது முறை எண்ணி முடிக்கும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே நான் இந்தத் தொழிலை விடாமல் இருக்கிறேன். இதற்குப் பார்க்கர் வரிசை என்று பெயர். 1997இல் வந்த முதல் வைஃபை தரநிலையும் 11 துண்டுப் பார்க்கர் வரிசையைத்தான் பயன்படுத்தியது.

ஜி.பி.எஸ்.ஸின் 1,023 துண்டுக் குறியீடுகள் கோல்ட் குறியீடுகள் எனப்படுபவை. ரொபர்ட் கோல்ட் என்பவர் அவற்றை 1967இல் வெளியிட்டார். பொருந்தும் துண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து பொருந்தாதவற்றைக் கழித்துப் பார்த்தால், சரியாக நிற்கும்போது 1,023; விலகி நிற்கும்போது கூடினாலும் குறைந்தாலும் 65ஐத் தாண்டாது. ஒரு செய்மதியின் குறியீட்டை இன்னொன்றின் குறியீட்டோடு ஒப்பிட்டாலும் 65ஐத் தாண்டாது. ஆகவே எல்லாச் செய்மதிகளும் 1575.42 மெகாஹேர்ட்ஸ் என்கிற ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பேசலாம். ஐரோப்பாவின் கலிலியோவும் அதே இடத்தில்தான் பேசுகிறது. படகுகள் ஒன்றோடொன்று பேசும் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒருவர் குரலும் தெளியாது என்று கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரே இடத்தில் பலர் பேசுகிற இந்த வித்தை வீட்டுக்குள்ளும் வந்தது. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையெங்கும் பரவிய சி.டி.எம்.ஏ. என்கிற கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி இதே வகைதான். மூதூரில் அம்மாவின் வீட்டு அலுமாரி மேல் சிறிய அன்டெனாவை நீட்டிக்கொண்டு இருந்தது அது. கம்பி இழுத்த தொலைபேசி அந்தத் தெருவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசி உரக்கப் பேசினால் தூரத்து வீட்டின் குரல் அமுங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு தொலைபேசியிடமும் ஒரு செக்கனுக்கு 800 தடவை "கூட்டு, குறை" என்று கோபுரம் சொல்லிக்கொண்டே இருக்கும். அம்மாவின் குரல் அந்தப் பெட்டியிலிருந்து வந்த மாலைகளை நினைத்தால், அதைக் கண்டுபிடித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கண்டுபிடித்தவர்கள் என்றதும் ஒரு ஆண்டு என் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கின. சீனன்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கியின் எச்சத்தை நாங்கள் பள்ளிக் காலத்தில் போய்ப் பார்த்திருக்கிறோம். அதே ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி, வியன்னாவில் பிறந்த ஹொலிவூட் நடிகை ஹெடி லமாருக்கும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைலுக்கும் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. டொர்பிடோவை வானொலியால் வழிநடத்தும்போது எதிரி குழப்பாதிருக்க, 88 அலைவரிசைகளிடையே தாவித் தாவிப் பேசும் முறை. தானாக வாசிக்கும் பியானோவின் துளையிட்ட கடதாசிச் சுருள்போல ஒரு சுருள் இரு பக்கமும் ஒத்து ஓடும். கடற்படை அதை அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு புளூடூத்தின் மூல வகை 79 அலைவரிசைகளிடையே ஒரு செக்கனுக்கு 1,600 தடவை தாவுகிறது. துண்டுகளாகப் பரப்புவதும் தாவுவதும் இரண்டு வழிகள். முன்பே பேசி வைத்த வரிசை தெரிந்தவனுக்கு மட்டும் கேட்கும் என்பது இரண்டுக்கும் பொது.

இனி அந்த விளக்குக்கு வருவோம். இவ்வளவு கெட்டித்தனமான முறை ஒரு விளக்கிடம் ஏன் தோற்கிறது? எல்.ஈ.டி. விளக்கின் உள்ளே, பற்றரியின் 24 வோல்ட்டை வெட்டி வெட்டி மாற்றும் சின்னச் சுற்று ஒன்று இருக்கிறது. மலிவு விளக்குகளில் அதற்குக் கவசமும் வடிகட்டியும் வைப்பதில்லை. வெட்டும்போது தெறிக்கும் அலைகள் மேலே வெகுதூரம் வரை பரவுகின்றன. படகில் அந்த விளக்கு அன்டெனாவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பூட்டப்பட்டிருந்தது. குறியீட்டைப் பொருத்திக் கூட்டுவதால் கிடைக்கும் பலன் சுமார் 20,000 மடங்கு; அது பெரிய பலன்தான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. காதுக்குள் வந்து கத்துகிறவனுக்கு முன்னால் மனப்பாடமான தேவாரமும் தோற்றுவிடும்.

இது எங்கள் துறைமுகத்துக்கு மட்டும் வந்த வினை அல்ல. கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் 2001இல் ஜி.பி.எஸ். பாதிக்கப்பட்டது. தேடிப் பிடித்தபோது, படகுகளில் பூட்டியிருந்த தொலைக்காட்சி அன்டெனாக்களின் பெருக்கிகளே காரணம். எல்.ஈ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். வானொலியையும் கப்பல்கள் தம்மை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியையும் கெடுப்பதாக 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கை வெளியிட்டது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உயிர். 406 மெகாஹேர்ட்ஸில் அபயக்குரல் அனுப்பும் அவசர மிதவைகளின் இரண்டாம் தலைமுறையும் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரத்துக்கு மாறியிருக்கிறது. செக்கனுக்கு 300 பிட் செய்தியை 38,400 துண்டுகளில் பரப்பி அனுப்புகிறது. படகு கவிழ்ந்த இடம் வானத்துக்குத் தெரிவது அந்தத் துண்டுகளால்தான். மிதவை தன் இடத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டுமானால், அதற்கும் முதலில் அந்த முணுமுணுப்புக் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையில் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் அன்டெனாவுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். விளக்கைக் கழற்றி, உலோக உறை போட்ட வேறொன்றை வாங்கி, கூரையின் பின்கோடியில் அன்டெனாவிலிருந்து நான்கு முழம் தள்ளிப் பூட்டினோம். பிறகு பட்டப்பகலில் படகின் அத்தனை விளக்குகளையும் எரியவிட்டு, நீரிறைக்கும் பம்பையும் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புது விளக்கோ புது மின்கருவியோ பூட்டிய எந்தப் படகும் கரையை விட்டுக் கிளம்பும் முன் இதைச் செய்ய வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

படகோட்டி புறப்படும் முன் கடைக்கு வந்து அந்த மீன் டின்னைக் கேட்டார். படகில் பேரனும் வருகிறானாம், கணக்கில் ஆசை உள்ளவனாம். கொடுத்துவிட்டு, பழைய நாட்காட்டித் தாளை வெட்டி வேறொரு டின்னில் கட்டங்களுக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். இரவு எட்டரை மணிக்குக் கடையில் இருக்கும் வானொலியில் அவருடைய குரல் வந்தது.

"தம்பி, எல்லா விளக்கும் எரிகின்றன. கம்பம் ஒன்பது."